பத்தொன்பதாம் நம்பர் படம்

வருகிறவர்கள் உட்காரக் கதிரைகள் போட இடம் போதவில்லை என்று றிஷானாவும் கணவர் நஸ்ரியும் பழைய அலுமாரியை நகர்த்தினார்கள். பாரம் குறையட்டும் என்று மேல் இழுப்பறையை, அந்த லாச்சியை, முழுதாக உருவி வைத்துவிட்டு, அலுமாரியைச் சற்றுச் சரித்தபோது, உள்ளே எங்கோ கிடந்த ஒரு சின்னக் கட்டு வழுக்கித் தரையில் விழுந்தது. கட்டியிருந்த ரப்பர் வளையம் தொட்டதும் பொடியாகிவிட்டது.

கிரிக்கெட் வீரர்களின் படங்கள். சூயிங்கம் பாக்கெட்டில் ஒவ்வொன்றாக வந்தவை.

றிஷானா தரையில் குந்திவிட்டாள். நாற்பத்தைந்து வயது விரல்கள் தாமாகவே படங்களை நம்பர் வரிசையில் அடுக்கின. நாலாம் நம்பரின் மூலையில் அவளுடைய பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. பதினாறு, பதினேழு, பதினெட்டு. அடுத்த படத்தில் விரல் நின்றது. பத்தொன்பது. அவளிடம் ஒருநாளும் இல்லாத நம்பர் அது. திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் நீலப் பேனையால் 'ஷா' என்று எழுதியிருந்தது.

ஷாமிலா. மாமியின் மகள்.

முப்பத்து மூன்று வருடங்களுக்கு முன், பெருநாளுக்குத் தோப்பூரிலிருந்து வந்து இந்த வீட்டில் தங்கியிருந்தாள். அன்றைக்குத்தான் படங்கள் காணாமல் போயின. "நான் எடுத்துட்டு லாச்சிக்குள்ளயே வச்சனான்" என்று ஷாமிலா அழுதாள். லாச்சியைத் திறந்தால் ஒன்றும் இல்லை. "கள்ளி" என்று முதலில் கத்தியது றிஷானா. எல்லாருக்கும் முன்னால் கன்னத்தில் அறைந்தது றிஷானாவின் உம்மா. அதற்குப் பிறகு ஷாமிலா இந்த வீட்டுப் படி ஏறவில்லை. உம்மாவின் ஜனாஸா அடக்கத்துக்கு வந்தபோதும் வாசல் கேட்டடியில் நின்று திரும்பிப் போனாள்.

இன்றைக்கு ஏறப்போகிறாள், இன்னும் ஒரு மணித்தியாலத்தில். அவளுடைய மகன் அர்ஷாக்கும் றிஷானாவின் மகள் ரிப்காவும் ஒருவரையொருவர் விரும்பிவிட்டார்கள். கலியாணப் பேச்சு முடிந்தால், ஊர் வழக்கப்படி இந்த வீடு ரிப்காவுக்கு. அர்ஷாக் இங்கேதான் குடியிருப்பான், இந்த அலுமாரியோடு.

நஸ்ரி கதவைச் சாத்தினார். "எடுத்த இடத்திலயே போடுங்க. கலியாணம் முடியட்டும், பிறகு சொல்லலாம்."

"பிறகு சொன்னா, ஒளிச்சு வச்சுக் காரியம் பாத்தாங்க எண்டுதான் நினைப்பா."

"இப்ப சொன்னா காரியமே நடக்காது. அரை மனசோடதானே வாறா."

குசினிப் பக்கம் நின்ற ரிப்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "உம்மா, நாலு படத்துக்காக என்ட கலியாணத்தக் குழப்பப் போறீங்களா?"

 றிஷானா பத்தொன்பதாம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்காக ஷாமிலாவிடம் எத்தனை தரம் கெஞ்சியிருப்பாள். அந்தப் படத்தைப் பெருநாள் பரிசாகக் கட்டுக்குள் செருகி வைக்கத்தான் ஷாமிலா கட்டை எடுத்திருக்கிறாள்.

வாசலில் ஓட்டோச் சத்தம் கேட்டது.

ஷாமிலா கதிரையின் நுனியில் இருந்தாள். கைப்பை மடியில். பக்கத்தில் கணவர் அபூதாஹிர், அர்ஷாக். ரிப்கா தேத்தண்ணியும் வட்டிலப்பமும் கொண்டுவந்து வைத்தாள். ஷாமிலா எதையும் தொடவில்லை.

"சாமான் எல்லாத்தையும் பூட்டி வச்சீங்களா?" என்று கேட்டாள். "வந்திருக்கிறது நான்."

அபூதாஹிர் மட்டும் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். ரிப்கா தாயைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

றிஷானா எழுந்து, புது ரப்பர் வளையம் போட்ட கட்டை ஷாமிலாவுக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தாள். "மச்சி, நீங்க லாச்சிக்குள்ளதான் வச்சீங்க. பின்னால விழுந்திருக்கு. இண்டைக்குத்தான் கண்டனான். கள்ளி எண்டு கத்தினது நான்."

ஷாமிலா கட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"மாமி இதப் பாத்தவவா?"

"இல்ல. உம்மா மௌத்தாகி ஏழு வருசம்."

"என்ட உம்மாவும் நம்பேல்ல" என்றாள் ஷாமிலா. "கேட்டுக் கேட்டு, கடைசியில நானே யோசிச்சன், எடுத்துத்தான் இருப்பனோ எண்டு."

அர்ஷாக் எழுந்தான். "உம்மா, போவமா?"

ஷாமிலா கட்டை எடுத்துக்கொண்டு அலுமாரிக்குப் போனாள். மேல் லாச்சியைத் திறந்து, மடித்த துணிகளுக்கு மேலே கட்டை வைத்தாள். லாச்சி நிரம்பியிருந்தது. அழுத்தித் தள்ளி மூடினாள். உள்ளே ஏதோ தட்டுப்பட்டு விழும் சத்தம். திரும்பத் திறந்தாள். துணி மட்டும்தான் இருந்தது.

"பாருங்க" என்று கணவரிடம் சொன்னாள். பிறகு மகனிடம். "பாருங்க. நான் வச்சனான்."

இரண்டாம் தரம் சொல்லும்போது குரல் உடைந்தது. றிஷானா அவளருகே போனாள், தொடத் துணியவில்லை. நஸ்ரி லாச்சியை உருவி, கையை உள்ளே விட்டுக் கட்டை எடுத்துக் கொடுத்தார்.

ஷாமிலா திரும்பி வந்து கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தாள். ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து முழுவதையும் குடித்தாள்.

"இந்த அலுமாரி இஞ்ச இருக்க ஏலாது" என்றாள். "பிள்ளையளுக்கு வேற ஒண்டு நாங்க எடுத்து அனுப்புறம். உள்ளுக்கு ஒழுங்கான லாச்சி உள்ளதா."

நஸ்ரி 'ஓம், ஓம்' என்று தலையாட்டினார். ரிப்கா வெறும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

புறப்படும்போது ஷாமிலா கட்டிலிருந்து பத்தொன்பதாம் நம்பரை உருவிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"இத எடுத்துக்கொண்டு போறன்" என்றாள் றிஷானாவிடம். "இனி நீ கள்ளி எண்டு கூப்பிடலாம்."