ஃபிளாப்பியில் ஏறாத பாதி

...இல்லை, புரோகிராம் கம்பைல் ஆகிவிட்டதே, சக்சஸ் என்று வந்ததே, இரும்பு வார்க்கும் பவுண்டரியின் முதலாளி திருமலைசாமிகூடக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாரே, "முடிஞ்சுதா கண்ணு?" என்று அப்பா கேட்க நானும் தலையை ஆட்டித் தொலைத்தேனே, அடுத்த நொடி லிங்கர் எரர், அன்டிஃபைன்ட் சிம்பல், எடை... எடை என்ற ஃபங்ஷனை, புரோகிராமின் அந்தத் துண்டையே காணோமாம். நேற்று கணபதி கம்ப்யூட்டர் சென்டரில் ஓடியதே? ஓடும், ஏன் ஓடாது, வார்ப்பின் எடையைக் கணக்குப் போடும் பகுதியை என்னோடு படிக்கும் சண்முகப்ரியா தனி ஃபைலில் எழுதி அதே மெஷினில் வைத்திருந்தாள். என் ஃபைலின் மேலே, எடை என்று ஒரு ஃபங்ஷன் உண்டு என ஒரு வரி மட்டும். அந்த வரியை நம்பிக் கம்பைலர் விட்டுவிடும், துண்டுகளை ஒன்றாகக் கோக்கும் லிங்கர்தான் ஆள் எங்கே என்று தேடும். அவள் இதைச் சொல்லித் தந்தபோது நான் கொட்டாவி விட்டேன். இப்போது இங்கே கொண்டுவந்த ஃபிளாப்பியில் என் ஃபைல் மட்டும். மறதியா? மறதி என்றால்கூடப் பரவாயில்லை. முழுசும் நானே எழுதினேன் என்று அப்பாவிடம் சொல்லி, அவர் பவுண்டரி முழுக்கச் சொல்லி, எனக்கே அது நிஜமாகி, அவள் ஃபைல் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை. சீ.

"சிஸ்டத்துல வைரஸ் இருக்குமுங்க" என்றேன், வாய் கூசாமல். அப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார், இதே பவுண்டரியில் மண் அச்சு பிடிக்கிறவர், முதலாளி முன்னால் ஒருநாளும் உட்காராதவர். "பையன் மேல தப்பில்லீங்க மொதலாளி, பொட்டிதானுங்க செரியில்லை." எனக்காக முதலாளியின் புதுக் கம்ப்யூட்டரைக் குறை சொல்கிறார், எனக்குக் காது சுட்டது. இப்போதாவது சொல்லிவிடலாம், சண்முகப்ரியான்னு ஒரு பொண்ணுங்க, பாதி அவங்க எழுதுனதுங்க, அவ்வளவுதானே? இதை ஓட்டிக் காட்டினால் கிடைக்கவிருக்கும் ஆபீஸ் வேலை போகும். போனால் அப்பா நாளைக்கு எந்த முகத்தோடு உள்ளே வருவார்... அப்பாவுக்காகத்தானா? பொய், எனக்காகத்தான்.

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ எழுதுனதுதானே தம்பி, இங்கயே இன்னொருக்கா எழுதிப்போடு. நான் எங்கயும் போகலை." அப்பா ஸ்டூலை இழுத்து எனக்குப் பின்னால் வைத்தார். எழுதினேன். எடை என்று பெயர், இரண்டு அடைப்புக்குறி, உள்ளே ரிட்டர்ன் பூஜ்யம், எந்த அளவைக் கொடுத்தாலும் பூஜ்யத்தையே பதிலாகத் தரும், கணக்கு ஒன்றுமே இல்லாத வெறும் கூடு. லிங்கர் பேசாமல் ஏற்றுக்கொண்டது, எரர் போய்விட்டது. "நாஞ் சொன்னேனில்லீங்க!" என்று அப்பா சிரித்த சிரிப்பைப் பார்க்க முடியாமல் கீபோர்டைப் பார்த்தேன்.

"செரி, மோட்டார் வெக்கிற பெட் பிளேட்டுக்கு எடை எவ்வளவு வருதுன்னு காட்டு பாக்கலாம்" என்றார் முதலாளி. நீளம் எவ்வளவு என்று திரை கேட்டது, அப்பா உரக்கச் சொன்னார், அடித்தேன். அகலம்? சொன்னார், அடித்தேன். கனம்? அதையும் சொன்னார்... இப்படிக் கேட்டுக்கொண்டே போகிற பகுதி மட்டும்தான் நான் எழுதியது என்று அப்போதுதான் உறைத்தது, இனிக் கேட்க ஒன்றும் இல்லை, என்டரை அழுத்த வேண்டியதுதான், அப்பா திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்கிறார்...