குருவி கொடுத்த டபுள் விசில்

டிரைவருக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஒரே பஸ்ஸில் அவர் டிரைவர், அவர் மனைவி கண்டக்டர். போன மாதம்தான் இருவரும் சேர்ந்தே ஓய்வு பெற்றார்கள். இப்போது அவர்கள் சுற்றும் இந்தக் கேரவன், மெக்கானிக் நண்பர் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே. இதை வாங்கி இனி காலமெல்லாம் சுற்ற வேண்டுமென்று மனுஷனுக்குக் கொள்ளை ஆசை. முடிவோ கண்டக்டரம்மா கையில். இன்று கடைசி நாள்.

"சாயங்காலம் சொல்றேன்" என்றதோடு சரி. அந்த முகத்திலிருந்து ஒன்றையும் கறக்க முடியாது. டிக்கெட் எடுக்காதவர்கள் கெஞ்சும்போதும் அதே முகம்தான்.

அதனால் அன்று போன கடலோரப் பறவைகள் சரணாலயத்தில் டிரைவர் மனைவியை விழுந்து விழுந்து கவனித்தார். நண்டு காட்டுகிறேன் என்று உப்பங்கழியில் இறங்கி, நிஜமாகவே விழுந்தார். ஒரு செருப்பைச் சேறு விழுங்கிவிட்டது.

"இதையும் மனசுல வச்சுதான் முடிவு சொல்வேன்" என்றார் கண்டக்டரம்மா.

பழக்கம் விடுமா? கண்டக்டரம்மா ஒவ்வோர் இடத்திலும் இறங்கிப் பார்த்து, பின்சீட்டில் ஏறியதும் வாயாலேயே மெதுவாக இரண்டு விசில் அடிப்பார். வண்டி கிளம்பும். மதியம் நாரைகளைப் பார்க்க அவர் இறங்கியபோது, டிரைவர் தன் சீட்டிலேயே காலில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இரண்டு விசில் கேட்டது. மூளை யோசிக்குமுன் கால் வண்டியைக் கிளப்பிவிட்டது.

"இந்த வண்டி இருந்தா வருஷம் பூரா இப்படித்தான், என்ன சொல்ற?" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினார். எதிர்ப்பேதும் வரவில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. திரைச்சீலைக்கு என்ன கலர் என்பதுவரை போய்விட்டார்.

"நீலமா, பச்சையா?" என்று வண்டியை நிறுத்தித் திரும்பினால், பின்சீட்டில் தண்ணீர் பாட்டில் மட்டும் உட்கார்ந்திருந்தது. வெளியே புதரில் ஒரு குருவி அதேபோல இரண்டு விசில் அடித்தது.

போச்சு, எல்லாம் போச்சு என்று அடித்துப்பிடித்துத் திரும்பினார். கண்டக்டரம்மா மணல்மேட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். டிரைவர் வண்டியிலிருந்து குதித்து ஓடினார்.

"குருவி... விசில் குடுத்துச்சு" என்றார்.

"தெரியும். சும்மா இருங்க, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இத்தனை வருஷம் உங்க பின்னாடியே வந்திருக்கேன். நீங்க ஓட்டுறத இன்னைக்குத்தான் வெளிய நின்னு பாக்குறேன். அந்த மணல் வளைவுல ஒரு குலுக்கல் இல்லாம திருப்புனீங்களே, கூப்பிடணும்னே தோணல. பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."

எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, பின்கதவைத் தாண்டிப் போய் முன்சீட்டில் ஏறினார்.

"இனி நான் இங்கதான் உக்காருவேன். சாவி திரும்பி வராதுன்னு மெக்கானிக்கிட்ட சொல்லிடுங்க."

முதல் கியர் எந்தப் பக்கம் என்பது டிரைவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.