மொத ஆளு

அன்று காலையில் மாயம்மாளுக்கு மூன்று ஈடு இட்லி குழைந்துபோனது. கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம் கிடந்தால் இட்லி எப்படி வரும்? அவள் இட்லிக்கடை போட்டிருக்கும் திண்டுக்கல் காய்கறி மார்க்கெட்டை பைபாஸுக்கு மாற்றுகிறார்கள். புது இடத்தில் அவளுக்கும் ஒரு கடை ஒதுக்கியிருந்தார்கள். வேண்டுமென்றால் மத்தியானத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போய், அங்கே ஈ காக்கா வராவிட்டால்? போகாமல் இருந்து, மற்ற எல்லாரும் போய்விட்டால்?

அடுப்பைத் தணித்துவிட்டு, கமிஷன் கடை பிராங்கிளினிடம் போய் நின்றாள்.

"நீங்க எப்பண்ணே போறீக?"

"லோடுமேன் இல்லாம நான் மட்டும் போயி என்ன செய்ய? சோலைமுத்து ஆளுக போகட்டும், பாப்போம்."

பெரிய முதலாளி பேச்சு இந்த லட்சணம். அடுத்து லோடுமேன் சோலைமுத்துவைக் கேட்டாள். அவன் முதுகு மூட்டையை இறக்காமலே பதில் சொன்னான். "லாரி எங்க நிக்குதோ அங்கதான் எங்களுக்கு வேலை. வீரண்ணனக் கேளுக்கா."

வீரன் கன்னிவாடியிலிருந்து கத்தரிக்காய் ஏற்றி வருகிற லாரிக்காரர். பதினொரு வருஷமாகக் காலைச் சாப்பாடு அவள் கடையில்தான். அவள் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"எங்கிட்ட வந்து கேக்குறியே தாயி. டிரைவருக அம்புட்டுப் பேரும் ஒன் அடுப்பு எங்க எரியப்போகுதுன்னுதான பாத்துக்கிட்டிருக்கோம். பசியோட வண்டி ஓட்ட ஏலுமா? நீ போற எடத்துக்கு வண்டி வரும்."

மாயம்மாளுக்குக் காது அடைத்தது. அடக் கொடுமையே, நாற்பது கடை, அதை நம்பி முளைத்த இத்தனை தெரு, எல்லாம் போவதும் நிற்பதும் ஒரு இட்லி அடுப்பிலா? பெருமையாகத்தான் இருந்தது.

புது இடத்தில் கூரை உண்டு, குழாயில் தண்ணீர் உண்டு, பெண்களுக்குக் கழிப்பறை உண்டு. மழைக்குத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். போகத்தான் ஆசை, மறைப்பானேன். விறுவிறுவென்று நடந்து மார்க்கெட் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

கடையில் நர்கீஸ் டீக்குக் காத்திருந்தாள். கடைக்கு எதிர்வீட்டுக்காரி. வீட்டு முன்னறையில் மார்க்கெட்டை நம்பிச் சாக்கு வியாபாரம். ஐந்து பேர் அதில்தான் சாப்பிடுகிறார்கள். மார்க்கெட் போனால் வீட்டைப் பெயர்த்துக்கொண்டா அவள் அதன் பின்னால் போக முடியும்?

"இன்னைக்குத்தான் நிம்மதியா இருக்குக்கா," என்றாள் நர்கீஸ். "ஒருத்தரும் நகர மாட்டாங்களாம். யாரு மொதல்ல போறதுன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கிறாங்களாம். அந்த மொத ஆளு மட்டும் கெளம்பாம இருந்தாப் போதும்."

மாயம்மாள் டீயை ஆற்றினாள். ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டே இருந்தாள். பொய் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"அது நான்தான் நர்கீஸு," என்றாள். "இப்பத்தான் கையெழுத்துப் போட்டுட்டு வாரேன்."