நாரையின் காலடியில் நத்தை

"நாரை சரி, அது வாயில லாந்தரும் சரி. கீழ இந்த நத்தை எதுக்குப்பா?"

விமானத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த வெண்டலின் தூரிகையைத் துணியில் துடைத்தான். "சும்மா அழகுக்குத்தான் சார்."

"பறக்குற படைக்கு நத்தையா? நல்ல அழகு!"

கேட்டவர் ரொக்கன்காம்ப். எந்தப் படைப்பிரிவின் சின்னம் யார் வரைந்தது, எங்கிருந்து வந்தது என்று விசாரித்து ஒப்புதல் தர பெர்லினிலிருந்து வந்தவர். நார்மண்டிக் கடற்கரையின் அந்த ஜெர்மன் விமானத்தளத்தில் நின்ற போர் விமானங்களின் மூக்கிலெல்லாம் அந்த நாரை. எல்லா நாரைகளின் காலடியிலும் அந்த நத்தை.

"யார் வரைஞ்சது?"

"நான்தான் சார்."

ரொக்கன்காம்ப் நத்தையின் ஓட்டுச் சுருளை நகத்தால் தடவினார். "ஒரு காலத்துல நான் பிரேமன்ல பத்திரிகைக்குப் படம் போட்டவன். பக்கத்து மேஜையில ஆர்னோ லெவின்சோன்னு ஒரு யூதன். கையெழுத்தே போடமாட்டான். மூலையில ஒரு நத்தை, அவ்வளவுதான். சுருள் இடப்பக்கமா சுத்தும், இதே மாதிரி." சிரித்தார். "பிடிக்கப் போனப்ப ஆளைக் காணோம். நீயும் பிரேமன்தானே? காபி குடிச்சிட்டு ஊருக்கு ஒரு போன் போடுறேன்."

அவர் காபிக் கூடாரத்துக்குள் போனார். வெண்டலினின் அக்கா வீட்டுப் பரணில் ஒளிந்திருக்கும் ஆர்னோதான், போன விடுமுறையில் அந்த நாரையை வரைந்து கொடுத்தார். சும்மா கிடந்த கைக்கு ஒரு வேலை. பழக்க தோஷத்தில் நத்தையும் வந்து உட்கார்ந்துவிட்டது. இவனோ அதுவும் படத்தில் சேர்த்தி என்று அச்சுத் தகட்டில் வெட்டி, எல்லா விமானத்திலும் ஏற்றிவிட்டான். இப்போது விமானிகள் அதைத் தொடாமல் ஏறுவதில்லை.

பிரேமனுக்கு லைன் கிடைக்கச் சாயங்காலம் ஆகலாம். உடனேயும் கிடைத்துவிடலாம்.

"டேய், ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? என் நத்தைக்கு ஒண்ணும் ஆகலியே?"

விமானி ஹாயோ கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தான். பழுது பார்க்க விமானத்தை இப்போது பிரேமனுக்கு எடுத்துப் போகிறவன். நல்லவன்தான். ஆனால் அப்பா நாஜிக் கட்சியில் பெரிய ஆள்.

காபிக் கூடாரத்தில் ரொக்கன்காம்ப் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

ஹாயோ நத்தையைத் தொட்டான். வெண்டலின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், பிரேமன்ல துறைமுகத்துக்குப் பின்னால எங்க அக்கா ரொட்டிக்கடை. நத்தையை அடையாளம் கண்டுட்டாங்க, இப்பவே கிளம்பணும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடுங்க சார். ஏன்னு கேக்காதீங்க."