துளசிக்கு ஜலம் விட்டாச்சா

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டுக் கிடைத்தது. வலியசாலை அக்கிரகாரத்தில் எங்கள் வீட்டுக்கும் பத்மஜா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பகலில் ஒரு கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறேன், மிச்ச நேரத்தில் கதை. இரண்டுக்கும் மேஜை அந்தச் சுவரோரம்தான். "ஆபீஸைத் திற", "பில் அனுப்பு" என்று பத்மஜா தன் கம்ப்யூட்டரிடம் சொல்வதெல்லாம் என் காதில் விழும். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவள் விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. வாயால் சொன்னாலே வேலை நடக்கும்படி கட்டளைகளை அமைத்துக் கொடுத்தவன் அவள் கணவன் அனந்த்.

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: "அனந்த் ஒரு கொடுமைக்காரன். மனைவியின் ஒவ்வொரு சொல்லையும் அவன்..."

[வேண்டாம். அவன் அப்படிப்பட்டவனில்லை. கொடுமைக்காரன் கிடைத்தால் கதை எழுதுவது சுலபம், அவ்வளவுதான்.]

அவளுக்குத் தலை பின்னிவிடுகிறவன் அவன். ஒருநாள் அவள் கால் தடுமாறித் தனியே விழுந்து கிடந்தாள். அன்றிலிருந்து வீட்டிலேயே இருந்து வேலை பார்க்கிறான். அவள் எந்தக் கட்டளை சொன்னாலும் தன் போனுக்கு ஒரு செய்தி வரும்படியும் செய்துகொண்டான். பாசம்தான். பாசத்தை எப்படிக் குற்றம் சொல்வது?

3

அவன் காய்கறி வாங்க பழவங்காடி போயிருந்தபோது பத்மஜா என்னைக் கூப்பிட்டாள்.

"கை இருக்கறவா மிண்டாம, வாயத் தொறக்காம எல்லாம் பண்ணிடறா மாமி. நான் ஒவ்வொண்ணையும் உரக்கப் பறயணும். அவருக்கும் கேக்கும், உங்களுக்கும் கேக்கும்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அனந்திடமே சொல்லலாமே என்றேன்.

"சொன்னா செஞ்சு தருவார். என்னத்துக்குன்னும் கேப்பார்."

அவளுக்கு வேண்டியது தினம் அரை மணி நேரம். அந்த நேரம் முழுக்க கம்ப்யூட்டர் மைக் எதையும் கேட்கக் கூடாது, போனுக்குச் செய்தி போகக் கூடாது. பிறகு எல்லாம் தானாகப் பழையபடி ஆகிவிட வேண்டும். சுண்டைக்காய் வேலை, எழுதிக் கொடுத்தேன். ஆனால் அதை ஓடவைக்கும் வாசகத்தையும் உரக்கத்தானே சொல்ல வேண்டும்? யார் காதில் விழுந்தாலும் சந்தேகம் வராத ஒன்றை அவளே கண்டுபிடித்தாள்: "துளசிக்கு ஜலம் விட்டாச்சா?"

(அந்த அரை மணியில் என்ன செய்கிறாள்? காதலன் என்று ஒரு வரைவு எழுதினேன், வெளியூரில் வேலை தேடுகிறாள் என்று இன்னொன்று. இரண்டையும் அழித்துவிட்டேன். நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.)

4

ஒன்றை மறந்துவிட்டோம். அனந்த் நல்லவன். கேள்வி காதில் விழுந்ததும் "இதோ" என்று எழுந்து, காலையில் விட்டதையும் மறந்து, மறுபடி ஒரு சொம்பு ஊற்றினான். தினமும் ஊற்றினான். துளசி வேரோடு அழுக ஆரம்பித்தது. வாசகத்தை மாற்றித் தரட்டுமா என்றேன். "பொறுங்கோ மாமி" என்றாள்.

5

முடிவு ஒன்று: செடி பட்டுப்போகிறது. அவன் கேட்கிறான், அவள் சொல்கிறாள், இருவரும் அழுகிறார்கள். [பத்திரிகைக்குப் பிடிக்கும்.]

முடிவு இரண்டு: அவனுக்குத் தெரிந்து...

நடந்ததை மட்டும் சொல்கிறேன். போன வாரம் ஒருநாள் சுவர் வழியே அந்தக் கேள்வி வந்தது. "இதோ" வரவில்லை. அவன் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போயிற்று. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அவளைத் தனியே விட்டுப் போகவே பயப்படுகிறவன் தெருமுனையில், போனைக் கையில் பிடித்தபடி, அதைப் பார்க்காமல் நின்றிருந்தான். அரை மணி கழித்துத்தான் திரும்பினான். அதன்பிறகு தினமும் அப்படித்தான். இன்று துளசியில் தளிர் விட்டிருக்கிறது.

அவனுக்குத் தெரியுமா? தெரியும் என்பது அவளுக்குத் தெரியுமா? நான் என் மேஜையை எதிர்ச்சுவருக்கு மாற்றிக்கொண்டுவிட்டேன். இனி எனக்கு எதுவும் கேட்காது. முடிவு உங்கள் பொறுப்பு.

செடியின் பெயரையும் வாசகத்தையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அதனால் இந்த ஊரில் எந்தச் சுவருக்கு அப்பாலிருந்தாவது ஒரு பெண் சாதாரணமாக எதையோ கேட்டால், தயவுசெய்து பதில் சொல்லாதீர்கள்.