சிக்கலுக்கு ஓர் எடுத்துக்காட்டு

காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்புக்கு நந்திதா மிஸ்தான் தமிழ் எடுத்தார். கதைமாந்தர், கதைக்களம், சிக்கல், தீர்வு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்.

"சிக்கல் இல்லீன்னா அது கதையே இல்ல, கண்ணுகளா. உங்க ஊட்டுல நடந்ததையே யோசிச்சுப் பாருங்க" என்றார்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் இனியா மட்டும் வகுப்பில் தங்கினாள்.

"எங்கூட்டுலயும் ஒரு சிக்கல் இருக்குதுங்க மிஸ். ஆருகிட்டயும் சொல்லீராதீங்க."

அவளுடைய அம்மா மாரியாத்தாள் கொப்பரை காயவைக்கும் தேங்காய்க் களத்தில் வேலை செய்பவள். எழுதப் படிக்கத் தெரியாது. ரேங்க் கார்டில் அம்மாவின் கையெழுத்தை இரண்டு வருடமாக இனியாதான் போட்டு வந்தாள். பஸ்ஸின் ஊர்ப்பலகையைப் படிக்க வேண்டிவந்தால், "கண்ணாடிய மறந்து வெச்சுட்டு வந்துட்டேனுங்க" என்று அம்மா அருகில் நிற்பவரிடம் கேட்பாள். அம்மாவிடம் கண்ணாடியே கிடையாது.

நந்திதா இனியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்ல மாட்டேன், அம்மணி. இது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான்."

இரண்டு வாரம் கழித்து வகுப்பைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். நந்திதாவுக்குப் பதற்றம். கரும்பலகையில் 'சிக்கல்' என்று எழுதிவிட்டுக் கதை சொல்லத் தொடங்கினார்.

"ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. பஸ் ஏறணும்னா, கண்ணாடிய மறந்துட்டேன்னு பொய் சொல்லுவாங்க..."

ரவிதேஜா எழுந்தான். "மிஸ், அது இனியா அம்மாங்க. எங்கம்மாகிட்டயும் அப்படித்தானுங்க கேப்பாங்க."

பின்வரிசையில் சிரித்தார்கள். விவரம் புரியாத அதிகாரி, பிள்ளைகள் நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று பாராட்டினார். இனியா அழவில்லை. மிஸ்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் திரும்பிக்கொண்டு 'தீர்வு' என்று எழுதினார்.

மாலைக்குள் செய்தி களத்துக்குப் போய்விட்டது. மாரியாத்தாள் மகளைத் திட்டவில்லை. சோறு போடும்போது மட்டும் கேட்டாள்: "நாம ரெண்டு பேருக்குள்ள இருந்தத நீ எதுக்குக் கண்ணு வெளிய சொன்னே?"

மிஸ் தனக்குச் செய்ததையே தானும் அம்மாவுக்குச் செய்துவிட்டது இனியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் மாரியாத்தாள் வகுப்பு வாசலில் நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், எங்கதையச் சொன்னீங்களாமே."

"பேரு சொல்லலைங்க..."

"பேரத் தவிர அத்தனையும் சொல்லிப்போட்டீங்களே." அவள் குரலை உயர்த்தவில்லை. "ரேங்க் கார்டையும் மையையும் எடுங்க. இனி எம்புள்ள எனக்காகப் போட வேண்டாம்."

எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, மகள் போட்ட ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் தன் பெருவிரலை அழுத்தினாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்கம்மா" என்றார் நந்திதா.

"எங்கிட்டக் கேக்காதீங்க. புள்ளகிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

நந்திதா இனியாவின் பெஞ்சருகே குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

"சரிங்க மிஸ்" என்றாள் இனியா.

அதற்குப் பிறகு மதிய நேரத்தில் அவள் வகுப்பில் தங்கவில்லை. பரீட்சையில் சிக்கலுக்கு எடுத்துக்காட்டுக் கேட்டபோது, பாடப்புத்தகத்தில் இருந்ததை ஓர் எழுத்து மாறாமல் எழுதினாள்.