நூற்று எண்பது கூண்டுகளில் ஒரு கைரேகை

ஆல்டன் ஸ்டின்சன் அணுக்கழிவுக் கிடங்கின் காவல் வேலைக்காகக் கைரேகை உருட்டிக் கொடுத்த செவ்வாய்க்கிழமை, லின்வுட் பீலின் கொல்லையில் இருபத்தாறு வருஷமாக அடுக்கிக் கிடந்த, சிங்கி இறால் பிடிக்கிற நூற்று எண்பது மரக்கூண்டுகளிலும் அவனுடைய பத்து விரல்களும் கறுப்பாக மேலே வந்தன. இதில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. மின்நிலையத்தை இடித்துவிட்டு, எரிந்து தீர்ந்த யுரேனியக் கோல்களை மட்டும் அறுபது கான்கிரீட் பீப்பாய்களில் கடலோரம் நிறுத்தி வைத்ததிலிருந்தே, உள்ளே போகிறவர்கள் எல்லாரும் விரல் உருட்ட வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. உருட்டியவர் எப்போதோ தொடக்கூடாததைத் தொட்டிருந்தால் அந்த இடம் கறுத்துவிடும், சோப்புக்கும் போகாது என்பதும் பிளாக்லெட்ஜ் ஊருக்குப் பழகிப் போயிருந்தது. சரிபார்க்கும் அதிகாரி டார்லீன் பீலே முதலில் உருட்ட வேண்டியிருந்தது. தேவாலயச் சமையலறையின் பிஸ்கட் டப்பா கறுத்தது. அதற்குப் பிறகு ஊரில் பலர் ஜூலை மாதத்திலும் கையுறையோடு நடந்தார்கள்.

டார்லீன் பிறவியிலேயே சந்தேகக்காரி. சம்பளம் அதற்குப் பிறகுதான் வந்தது. வாஷிங்டனிலிருந்து ஒருவனைப் பற்றிச் சுத்தமான காகிதம் வந்தால், ஏன் இவ்வளவு சுத்தம் என்று கேட்பாள். ஒருவனுக்காகச் சாட்சி சொல்ல வருகிறவரும் விரல் உருட்டியாக வேண்டும் என்பது அவளாகவே சேர்த்த விதி. இப்போது கறுத்திருப்பதோ அவளுடைய அப்பாவின் கூண்டுகள். அந்தக் கரையில் அடுத்தவன் மனைவியோடு ஓடிப்போனவனைப் பத்து வருஷத்தில் மன்னித்துவிடுவார்கள். அடுத்தவன் இறால் கூண்டைக் கடலிலிருந்து தூக்கிக் கைவிட்டவனை அவன் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மன்னிக்க மாட்டார்கள். காபிக் கடையில் ஆல்டன் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலிகள் காலியாயின. "என் கூண்டையும் எண்ணிப் பாக்கணும்டா" என்று ஒருவன் அவன் காதில் விழும்படியே சொன்னான்.

ஐம்பத்து நான்கு வயதில் இடுப்பு விட்டுப்போய் இனி கடலுக்குப் போக முடியாதவனுக்கு அந்த ஊரில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு வேலைதான். டார்லீன் அவனைத் தன் மேசைக்கு முன்னால் உட்காரவைத்துக் கேட்டாள்.

"தூக்கினீங்களா இல்லையா?"

"தூக்கினேன்."

"எதுக்கு?"

"நான் திருடன்னே எழுதிக்கோ டார்லீன். உங்கப்பாவை மட்டும் இதுக்குள்ள இழுக்காதே. அவரை விரல் உருட்டச் சொல்லாதே."

முதல் பாதியை அவள் எழுதிக்கொண்டாள். இரண்டாம் பாதி அவளை அரித்தது. அந்த மரக்கூண்டுகள் கடைசியாகக் கடலில் இறங்கியது எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில். அம்மா பாங்கர் ஆஸ்பத்திரியில் கிடந்த கோடை அது. அப்பா பாதி நாள் படகையே எடுக்கவில்லை, பன்னிரண்டு வயது டார்லீனுக்கு அது நன்றாக நினைவிருந்தது. அப்படியும் கரையிலேயே அதிக இறால் பிடித்தவர் அவர்தான். இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமை அடிக்கிறார். திருடன் கைவைத்த கூண்டு எப்படி நிறையும்? அதே வருஷம் அக்டோபரில், காற்றே இல்லாத ஒரு காலையில், ஆல்டனின் படகு கட்டவிழ்ந்து பாறையில் மோதி உடைந்ததும், அதன் பிறகு அவன் மற்றவர் படகுகளில் கூலிக்குப் போனதும் அவளுக்குக் கூடவே ஞாபகம் வந்தன.

அப்பா கொல்லையில் கூண்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எண்பது வயது. அவள் கேட்பதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து வெடித்துப்போன ஒரு மஞ்சள் ரப்பர் வளையத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பிடித்த இறால் கடிக்காமலிருக்கக் கொடுக்கில் மாட்டுகிற வளையம்.

"என் கூண்டுக்குள்ள ஒரு இறால் இதைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. கடலுக்குள்ள இறால் தானா மாட்டிக்குமா? மஞ்சள் வளையம் இந்தக் கரையில ஆல்டன் ஒருத்தன்தான் போடுவான். ஒவ்வொரு நாளும் அவன் பிடிச்சதை என் கூண்டுல கொட்டியிருக்கான். ஒண்ணுல கழட்ட மறந்துட்டான், மடப்பய."

"ஏம்ப்பா யார்கிட்டயும் சொல்லல?"

"பிச்சை போட்டான்னு சொல்லச் சொல்றியா?" அவர் குரலில் இருபத்தாறு வருஷத்துக் கோபம் அப்படியே இருந்தது. "எனக்குப் புகார் இல்லைன்னு எழுது. கையெழுத்துப் போடுறேன்."

டார்லீன் மைத்தட்டைத் திறந்தாள். அவர் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார்.

"பேனா குடும்மா."

காற்றில்லாத காலையில் அவிழ்ந்த படகுக் கயிறு நினைவுக்கு வர, அவள் அந்தப் பைகளையே பார்த்தாள். யாரையும் பற்றி அவளுக்கு இவ்வளவு சீக்கிரம் எல்லாம் தெரிந்ததில்லை. தெரிந்திருக்கவே வேண்டாம் என்று முதல் முறையாக அவளுக்குத் தோன்றியது, அழுகையும் வந்தது. மைத்தட்டை மூடிவிட்டுப் பேனாவைக் கொடுத்தாள். சாட்சிகள் விரல் உருட்ட வேண்டும் என்ற விதியை அன்று மாலையே எடுத்துவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, கையுறைகள்தான் கொஞ்சம் குறைந்தன.

ஆல்டனுக்கு வேலை கிடைத்தது. கூண்டுகள் கறுத்தபடியே கிடந்தன. கோடைக்கு வருகிறவர்கள் அலங்காரத்துக்கு என்று விலைக்குக் கேட்டபோது லின்வுட் கொடுக்கவில்லை. ஆல்டன் பீப்பாய்களைக் காக்கத் தினமும் படகுத்துறை வழியாகத்தான் போனான். அவன் படகு கட்டியிருந்த இரும்பு வளையம் அங்கே இன்னும் தொங்கியது. போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை டார்லீனும் அதைப் பார்த்துக்கொள்வாள். அது கறுக்காமல், வெறும் துருவாக, சிவப்பாகவே இருந்தது.